கையில் 67, மூளையில் 45: தோள்பட்டை ஆபரேஷனுக்குப் பின் வந்த பக்கவாதம் – ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த நோயாளியின் அனஸ்தீசியா சார்ட்டை மேலோட்டமாகப் புரட்டினால் பெரிதாக எதுவும் நடந்ததாகவே தெரியாது. நாடித்துடிப்பு சீராக இருக்கிறது. ஆக்சிஜன் அளவு தொடக்கம் முதல் கடைசிவரை 99, 100. ரத்த அழுத்தம் கொஞ்சம் குறைவு, ஆனால் பதறும்படி இல்லை. மானிட்டர் ஒருமுறைகூட அலறவில்லை. ஆனாலும் காலையில் தானே நடந்து வந்து அட்மிட் ஆனவர், மாலையில் வலது காலைத் தூக்க முடியாமல், தானாக ஒரு வார்த்தை பேசாமல் படுத்திருந்தார்.

சென்னையில் ஒரு நடுத்தரத் தனியார் மருத்துவமனையில் நடந்தது. பெயர் இங்கே தேவையில்லை. குடும்பத்தினர் இரண்டாவது கருத்துக் கேட்டு, ஒரு கட்டைப்பை நிறைய ஃபைல்களோடு என்னிடம் வந்தார்கள். அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்; அளவுகளை மாற்றவில்லை.

நோயாளி

68 வயது. பெரம்பூர்க்காரர், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாடிப்படியில் வழுக்கி விழுந்து வலது தோளின் தசைநார் கிழிந்தது. ஆர்த்ரோஸ்கோப்பி மூலம், அதாவது சிறு துளை வழியே கேமரா விட்டு, தைத்துவிடலாம் என்று எலும்பு மருத்துவர் சொன்னார். பிரஷர் 15 வருடமாக, சர்க்கரை 10 வருடமாக. பிரஷருக்கு டெல்மிசார்டன் 40, அம்லோடிபின் 5; சர்க்கரைக்கு மெட்ஃபார்மின். சிகரெட்டை விட்டு எட்டு வருடம்.

ஆபரேஷனுக்கு முந்தைய பரிசோதனையில் ரத்த அழுத்தம் 156/92. டாக்டரைப் பார்த்த பயத்தில் ஏறியது என்று தள்ள முடியாது. மகள் வீட்டு மெஷினில் பார்த்துக் காலண்டரில் குறித்து வைத்திருந்த அளவுகளும் 148-க்கும் 160-க்கும் இடையில்தான். ஆக அவருடைய வழக்கமான அழுத்தம் இதுதான். கீழ் அளவோடு, இரண்டுக்குமான வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டினால் சராசரி அழுத்தம் வரும். இவருக்கு அது 113. இந்த எண்ணை ஃபைலில் யாரும் எழுதவில்லை. எழுதியிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கலாம்.

ஈ.சி.ஜி., எக்கோ, கிரியாட்டினின் எல்லாம் சரியாக இருந்தன. கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டதாகக் குறிப்பு இல்லை. அதற்காகக் குறை சொல்ல மாட்டேன். தோள் ஆபரேஷனுக்கு வரும் எல்லோருக்கும் கழுத்து ரத்தக்குழாய் ஸ்கேன் (டாப்ளர்) எடுக்கச் சொல்லி யாரும் பரிந்துரைப்பதில்லை. கேட்டிருந்தாலும் குழாய் சுருங்கியதைக் காட்டும் சத்தம் இருந்திருக்கும் என்ற உறுதியும் இல்லை.

ஆபரேஷன் அன்று காலை 7.30-க்கு என்று இருந்தது 11 மணிக்குத் தள்ளிப்போனது. முந்தைய இரவு 10 மணியிலிருந்து பட்டினி. வார்டில் டிரிப் போடவில்லை. காலை 6 மணிக்கு, "பிரஷர் மாத்திரையை மட்டும் ஒரு மடக்குத் தண்ணியில போட்டுக்கோங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் டெல்மிசார்டனைப் போட்டுக்கொண்டார்.

இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். பிரஷர் மாத்திரைகள் எல்லாம் ஒரே ஜாதி இல்லை. அட்டெனலால், மெட்டோப்ரலால் போன்றவற்றை வழக்கமாகச் சாப்பிடுகிறவர் ஆபரேஷன் அன்று திடீரென்று நிறுத்தக் கூடாது. டெல்மிசார்டன் வகை அப்படியில்லை. மயக்கத்தில் ரத்தக்குழாய்கள் தளரும்போது அவற்றை இறுக்கிப் பிடிக்க உடம்பு நம்பும் ஒரு வழியை அது அடைத்துவிடுகிறது. அதனால் அழுத்தம் இறங்கினால் ஏற மறுக்கும். இந்த வகையை முதல் நாளே நிறுத்த வேண்டுமா என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. 2024-இல் பிரான்சில் 2,222 பேரை வைத்து நடத்திய ஆய்வில், தொடர்ந்து சாப்பிட்டவர்களுக்கும் நிறுத்தியவர்களுக்கும் பெரிய சிக்கல்களில் வித்தியாசம் இல்லை. ஆனால் ஆபரேஷன் நடுவே அழுத்தம் இறங்கியது சாப்பிட்டவர்களுக்குத்தான் அதிகம். படுத்த நிலையில் செய்யும் ஆபரேஷனுக்கு நான் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். உட்கார வைத்துச் செய்வதென்றால் முதல் நாளே நிறுத்தச் சொல்வேன்.

தியேட்டரில்

கழுத்தோரம் அல்ட்ராசவுண்ட் பார்த்து இன்டர்ஸ்கேலீன் பிளாக் போட்டார்கள். வலது கை மரத்துப்போனது. பிறகு முழு மயக்கம்: ஃபென்டனில் 100 மைக்ரோகிராம், புரோப்போஃபால் 120 மில்லிகிராம், தொண்டையில் டியூப், அப்புறம் செவோஃப்ளூரேன் என்ற மயக்க வாயு. மயக்கத்துக்கு முன் 158/90. மயக்கம் கொடுத்த பின் படுத்த நிலையில் 108/62. தோள் ஆர்த்ரோஸ்கோப்பிக்கே உரிய சாய்வு நாற்காலி நிலையில் நிமிர்த்தியதும் 86/50. அழுத்தத்தை ஏற்றும் மெஃபென்டர்மின் 6 மில்லிகிராம் கொடுத்ததில் 102/60 வந்தது.

பத்து நிமிடத்தில் கேமராவில் ரத்தம் கலங்கியது. சர்ஜன் கேட்டதாக மகனிடம் மயக்க மருந்து டாக்டரே சொல்லியிருக்கிறார்: "கொஞ்சம் பிரஷரைக் குறைங்க டாக்டர், ஒண்ணுமே தெரியல." செவோஃப்ளூரேனைக் கூட்டினார்கள். அதற்குப் பிறகு 40 நிமிடம் சார்ட்டில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஏறக்குறைய ஒரே அளவு: 92/54, 90/52, 94/56, 92/54. மேல் அளவு 80-க்குக் கீழே போனால் மட்டும் ஒலிக்கும்படி அலாரம் வைக்கப்பட்டிருந்தது. மூச்சில் வெளிவரும் கார்பன் டை ஆக்சைடு 28. ஆபரேஷன் நன்றாக முடிந்தது, தையல்கள் அருமை. அதில் சந்தேகமே இல்லை.

"பிரஷரைக் குறைங்க" என்பது நேற்று வந்த கோரிக்கை இல்லை. ரத்தக் கசிவைக் குறைப்பதற்காக 1946-இல் கார்ட்னர் என்பவர் தமனியிலிருந்து ரத்தத்தையே வடித்து அழுத்தத்தை இறக்கினார். 1950-இல் எண்டர்பி மருந்தும் சாய்வும் சேர்த்து அதே காரியத்தைச் செய்தார். இளம் வயதில், படுத்த நிலையில், ஆரோக்கியமான ரத்தக்குழாய்கள் உள்ளவருக்கு இது பெரும்பாலும் தாங்கும். ஆனால் பழக்கம் நிலைத்துவிட்டது, யாருக்குச் செய்யலாம் என்ற எல்லை மங்கிவிட்டது.

மாலையும் இரவும்

மதியம் 12.50-க்கு மருந்தை நிறுத்தினார்கள். கண் திறக்கவே அரை மணி ஆனது. 1.40-க்கு டியூபை எடுத்தார்கள். சர்க்கரை 138. "வயசானவர், மெதுவாத்தான் தெளியும்" என்று வார்டுக்கு அனுப்பினார்கள்.

நாலரை மணிக்கு மகள் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா, தண்ணி வேணுமா?" என்று கேட்டிருக்கிறார். அப்பா அவரையே பார்த்தார், பதில் இல்லை. இரண்டு முறை கேட்டும் இல்லை. "தண்ணி வேணும்னு சொல்லுங்கப்பா" என்றதும், தெளிவாக, குரல் குழறாமல், "தண்ணி வேணும்" என்றார். அப்புறம் மறுபடி மௌனம். நர்ஸம்மா அதைக் கேட்டு நிம்மதியாகிவிட்டார். பேசுகிறாரே, வாய் கோணவில்லையே.

நரம்பியல் தெரிந்தவர் காதில் இது விழுந்திருந்தால் உடனே எழுந்திருப்பார். சொன்னதைத் திருப்பிச் சொல்ல முடிகிறது, தானாகப் பேச்சைத் தொடங்க முடியவில்லை. இடது மூளையின் முன்பக்கத்தில், இரண்டு பெரிய தமனிகளின் பாசனப் பகுதிகள் சந்திக்கும் எல்லையில் அடிபட்டால் பேச்சு இப்படித்தான் பாதிக்கப்படும். அந்த எல்லையில் அடிபட்டால் பெரும்பாலும் முகம் தப்பிவிடும். காலும் தோளும் பலவீனமாகும். வாய் கோணுகிறதா என்று மட்டும் பார்க்கப் பழகிய கண்ணுக்கு இது பிடிபடாது. கையைச் சோதிக்கலாம் என்றால், அறுவை செய்த அதே வலது கை பிளாக்கில் மரத்துக் கிடக்கிறது. பக்கவாதத்தை மறைக்க இதைவிடத் தோதான ஏற்பாடு கிடையாது.

வலது கால் அசையவில்லை என்பதையும் மகள்தான் முதலில் கவனித்தார். தோள் பக்க பிளாக் காலை ஒன்றும் செய்யாது. இரவு 8.40-க்கு டியூட்டி டாக்டர் வந்து பார்த்து, காலின் பலம் ஐந்துக்கு இரண்டு என்று எழுதினார். இடையில் இன்னொன்றும் நடந்திருந்தது. மாலையில் ரத்த அழுத்தம் 118/70. "கன்ட்ரோல்ல இருக்கு" என்று குறித்து, எட்டு மணிக்கு வழக்கமான அம்லோடிபினையும் கொடுத்துவிட்டார்கள்.

சி.டி.யில் ரத்தக்கசிவு இல்லை. எம்.ஆர்.ஐ.யில் இடது மூளையில் முன் தமனிக்கும் நடுத் தமனிக்கும் இடைப்பட்ட எல்லையிலும், உள்ளே வெண்பொருளிலும் சிறு சிறு புள்ளிகள், முன்னிருந்து பின்னாக ஒரே கோட்டில். வலப்பக்கம் ஒன்றுமில்லை. கழுத்து ரத்தக்குழாய்ப் படத்தில், மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் இடது கரோடிட் தமனி 70 முதல் 80 சதவீதம் சுருங்கியிருந்தது. இத்தனை வருடமாக அது சத்தமில்லாமல் இருந்திருக்கிறது.

கணக்கு

இனி சார்ட்டில் எழுதாத எண்களுக்கு வருவோம்.

92/54 என்றால் சராசரி 67. "65-க்கு மேல இருக்கே" என்று பல தியேட்டர்களில் இதைப் பார்த்துத் தலையாட்டிவிடுவார்கள். ஆனால் அது இதய மட்டத்தில் இருக்கும் கையின் அழுத்தம். நிமிர்த்தி உட்கார வைத்தால் மூளை அதற்கு மேலே போய்விடுகிறது. ஒவ்வொரு சென்டிமீட்டர் உயரத்துக்கும் 0.77 மி.மீ. பாதரசம் குறையும். கையில் கட்டிய பிரஷர் கஃப்பின் நடுவிலிருந்து காதுத் துளை வரை 28 சென்டிமீட்டர் என்று வைத்தால் – இவர் உயரத்துக்கும் சாய்வுக்கும் ஏறத்தாழ அதுதான் வரும் – 22 போய்விடும். மூளையின் அடிவாரத்தில் கிடைத்தது 45. மாடித் தொட்டியில் தண்ணீர் நிறைந்திருந்தாலும் மேல்மாடிக் குழாயில் நூலாக ஒழுகுவதைப் பார்த்திருப்போம், அதே கணக்குதான்.

இதற்கு ஒரு எதிர்வாதம் உண்டு. ஏறும் ரத்தத்தை இறங்கும் ரத்தம் இழுத்துக்கொள்ளும், அதனால் உயரம் கணக்கில்லை என்பார்கள். மூளையை விட்டு ரத்தம் இறங்கும் சிரைகள் சுருங்கி மடங்கக் கூடியவை என்பதால் அந்த இழுப்பை நம்ப முடியாது என்பது பெரும்பாலான மயக்கவியல் நிபுணர்களின் நிலை, என்னுடையதும் அதுவே. வாதம் எந்தப் பக்கம் போனாலும், கழித்துப் பார்ப்பதால் நோயாளிக்கு நஷ்டமில்லை.

விழித்திருக்கும்போதும் அவர் உட்கார்ந்துதானே இருக்கிறார், அப்போதும் 22 குறையுமே என்று மகன் கேட்டார். நல்ல கேள்வி. குறையத்தான் செய்யும். ஆனால் அப்போது தொடக்கம் 113. கழித்தாலும் 91 மிஞ்சும். விழித்திருப்பவர் நிமிரும்போது உடம்பு ரத்தக்குழாய்களை இறுக்கி ஈடுகட்டும். மயக்கத்தில் அந்த அனிச்சைச் செயல் படுத்துவிடுகிறது. அதோடு, விழித்திருப்பவருக்குத் தலை சுற்றும், கண் இருட்டும், "கொஞ்சம் படுத்துக்கறேன்" என்பார். மயங்கியவர் சொல்ல மாட்டார்.

மூளை தன் ரத்த ஓட்டத்தைத் தானே சீர் செய்துகொள்ளும், 100 கிராமுக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 மில்லி என்ற அளவில். 1959-இல் லாசன் வரைந்த புகழ்பெற்ற வளைகோட்டை வைத்து, சராசரி அழுத்தம் 50-லிருந்து 150 வரை எதுவானாலும் ஓட்டம் மாறாது என்று மனப்பாடம் செய்துதான் நாங்கள் எல்லோரும் பாஸானோம். அந்தக் கீழ் எல்லை 50 என்பது அநியாயத்துக்குக் குறைவு, பெரும்பாலோருக்கு 70 பக்கம் இருக்கும் என்று 1997-இல் டிரம்மண்ட் எழுதினார். இந்த நோயாளிக்கு அதைவிட முக்கியம் 1976-இல் ஸ்ட்ராண்ட்கார்டு அளந்தது. சாதாரண அழுத்தம் உள்ளவர்களுக்குக் கீழ் எல்லை சராசரியாக 73. கட்டுப்பாட்டில் இல்லாத கடும் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு 113. மருந்தால் கட்டுப்பட்டவர்களுக்கு நடுவில், 96. மூளையில் ஓட்டக் குறைவின் அறிகுறி தெரியத் தொடங்கிய அழுத்தம் முறையே 43, 65, 53. நம்மவர் கடைசி இரண்டு வகைகளுக்கும் இடையில் எங்கோ இருப்பவர். அவருக்குக் கிடைத்த 45-ஐ இந்த எண்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஸ்ட்ராண்ட்கார்டு அளந்தது சில பேரைத்தான். ஆகவே இதை அப்படியே ஒட்ட வைக்க முடியாது. திசையைக் காட்டும், அவ்வளவுதான்.

ஓட்டம் 20 மில்லி அளவுக்கு இறங்கினால் நரம்பு செல்கள் வேலையை நிறுத்தும். 10-க்குக் கீழே போனால் சீக்கிரமே சாகும். நடுவில் இருப்பவை கொஞ்ச நேரம் காத்திருக்கும். இடது கரோடிட் சுருங்கியிருந்ததால் அந்தப் பக்கம் மட்டும் அழுத்தம் இன்னும் குறைவு. அதிலும் இரண்டு தமனிகளின் பாசன எல்லையில் இருப்பது கடைமடை. தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது அதுதான். வலது மூளை தப்பியதற்குக் காரணமும் இதுவே.

கார்பன் டை ஆக்சைடு 28 என்பதையும் விடக் கூடாது. அது ஒவ்வொரு மி.மீ. குறையும்போதும் மூளை ரத்த ஓட்டம் சுமார் 3 சதவீதம் குறையும். 62 கிலோ எடை உள்ளவருக்கு 500 மில்லி வீதம் நிமிடத்துக்கு 14 மூச்சு என்று வெண்டிலேட்டரை வைத்தது தேவைக்கு அதிகம். அழுத்தம் மிகவும் இறங்கிய நிலையில் இந்த விளைவு மங்கிவிடும் என்பதால் இதை முதல் குற்றவாளியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அளவான அழுத்தம் உள்ள பக்கத்திலிருந்து உதவி வரும் வழிகளையும் அது குறுக்கியிருக்கும்.

100 காட்டிய ஆக்சிஜன் மீட்டர்? அது விரலில் இருக்கிறது. விரலுக்குப் போன ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைந்திருந்தது, உண்மை. தலைக்கு எவ்வளவு போனது என்று அதற்குத் தெரியாது. நெற்றியில் ஒட்டி மூளையின் ஆக்சிஜனைக் காட்டும் கருவி இருக்கிறது. பட்டையின் விலையைப் பார்த்துப் பல இடங்களில் வாங்குவதில்லை.

அழுத்தம்தானா, ரத்தக்கட்டியா?

சுருங்கிய கரோடிட்டிலிருந்து சிறு துணுக்குகள் உடைந்து போயிருக்கலாமே என்று இன்னொரு நரம்பியல் மருத்துவர் கேட்டார். இருக்கலாம். ஆனால் இரண்டும் எதிரெதிர் விளக்கங்கள் இல்லை. ஓட்டம் வேகமாக இருந்தால் அடித்துக்கொண்டு போயிருக்கும் துணுக்குகள், மந்தமான ஓட்டத்தில் கடைமடையிலேயே தங்கிவிடும் என்று 1998-இல் கேப்லனும் ஹென்னரிசியும் எழுதியது இன்றும் பொருந்துகிறது. அழுத்தத்தை உயர்த்தியதும் கால் பலம் மறுநாள் காலைக்குள் இரண்டிலிருந்து மூன்றானது என்பதை நான் ஓட்டக் குறைவின் பக்கம் வைக்கிறேன்.

நேர்மையாக மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 1999-இல் வில்லியம்ஸ் ரூசோ குழு, இடுப்பு மூட்டு மாற்றிய முதியவர்களில் ஒரு பிரிவினருக்குச் சராசரி அழுத்தத்தை 45-55 வரை வேண்டுமென்றே இறக்கியது. அறிவுத்திறனில் பாதிப்பு கூடவில்லை. 7,490 பேர் கொண்ட பாய்ஸ்-3 ஆய்வில் ஆபரேஷன் நடுவே சராசரி அழுத்தத்தை 80-க்கு மேல் வைப்பதும் 60-க்கு மேல் வைப்பதும் பெரிய வித்தியாசம் காட்டவில்லை. அதாவது இறங்கிய அழுத்தம் எல்லோருடைய மூளையையும் கெடுப்பதில்லை. பெரும்பாலோர் தாங்கிக்கொள்கிறார்கள். ஆனால் அவை கூட்டத்தின் சராசரி. உட்கார்ந்த நிலை, ஏறிய பழைய அழுத்தம், சுருங்கிய கரோடிட் மூன்றும் ஒருவரிடமே சேர்ந்தால் அந்தச் சராசரி அவரைக் காப்பாற்றாது. 2005-இல் போல், கல்லன் இருவரும் எழுதிய நான்கு நோயாளிகளும் இதே சாய்வு நாற்காலித் தோள் ஆபரேஷனில் மூளையோ தண்டுவடமோ அடிபட்டவர்கள்.

வெளியே தெரியாத பாதிப்பு தனி. 65 வயதுக்கு மேற்பட்ட 1,114 பேருக்கு, இதயம் சாராத ஆபரேஷனுக்குப் பின் எம்.ஆர்.ஐ. எடுத்த நியூரோவிஷன் ஆய்வில் (2019), 7 சதவீதம் பேருக்கு யாருமே கவனிக்காத சிறு பக்கவாதம் இருந்தது. அழுத்தம்தான் காரணம் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. "ஆபரேஷனுக்கு அப்புறம் அப்பாவுக்கு ஞாபகம் முன்ன மாதிரி இல்ல" என்று சொல்கிறவர்களை இனி கையசைத்து அனுப்ப முடியாது என்பது மட்டும் நிச்சயம்.

பிறகு

மயக்கத்துக்கு முன்புதான் அவர் கடைசியாக நன்றாக இருந்தார் என்று எடுத்தால் 11 மணி நேரம் தாண்டிவிட்டது. பெரிய குழாய் எதுவும் முழுதாக அடைபடவில்லை. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கோ, வெளியே இழுக்கும் சிகிச்சைக்கோ இடமில்லை. படுக்கையைத் தட்டையாக்கி, பிரஷர் மாத்திரைகளை நிறுத்தி, சலைனும், அழுத்தத்தை ஏற்றும் நார்அட்ரினலினும் கொடுத்துச் சராசரியை 100-க்கு மேல் வைத்தார்கள். சர்ஜன் சம்மதித்ததும் ஆஸ்பிரினும், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டினும் தொடங்கினார்கள். பதினொன்றாம் நாள் வேறொரு பெரிய மருத்துவமனையில் கரோடிட்டைத் திறந்து சுத்தம் செய்தார்கள். அங்கே மணிக்கட்டுத் தமனியில் குழாய் போட்டு, அழுத்தமானியைக் காது மட்டத்தில் வைத்து, 95-க்குக் கீழே விடவில்லை.

நான்கு மாதம் கழித்துப் பார்த்தபோது கோல் இல்லாமல் நடக்கிறார். வலது கால் லேசாக இழுக்கிறது. கேட்டால் பதில் சொல்கிறார், தானாகப் பேச்சைத் தொடங்குவது குறைவு. பயிற்சி தள்ளிப்போனதால் தோள் இறுகிவிட்டது.

"மயக்க மருந்து டோஸ் ஜாஸ்தியாப் போச்சா டாக்டர்?" என்பது குடும்பம் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. மருந்தின் அளவு வழக்கமானதுதான். அந்த அளவு அழுத்தத்தை எவ்வளவு இறக்கியது, எவ்வளவு நேரம் அங்கேயே விடப்பட்டது என்பதில்தான் கோளாறு. கேமரா கலங்கியதற்கும் வேறு வழிகள் இருந்தன. மூட்டைக் கழுவும் மூன்று லிட்டர் சலைன் பையில் ஒரு மில்லிகிராம் அட்ரினலின் கலக்கலாம், ரத்தக் கசிவைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் கொடுக்கலாம், அந்தச் சலைனைச் செலுத்தும் பம்ப்பின் அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டலாம். எதிலும் நோயாளியின் மூளையைத் தொட வேண்டியதில்லை.

மகளுக்கு இன்னொரு கவலை இருந்தது. அப்பாவுக்கு வலது கண்ணில் கண்புரை ஆபரேஷன் பாக்கி, செய்யலாமா? செய்யலாம். பக்கவாதத்துக்குப் பின் அவசரமில்லாத ஆபரேஷன்களைக் குறைந்தது மூன்று மாதம் தள்ளிவைப்பது நல்லது, அது தாண்டிவிட்டது. கண்ணுக்குச் சொட்டு மருந்து போதும், படுத்தே செய்வார்கள், முழு மயக்கம் வேண்டாம். ஆஸ்பிரினை நிறுத்தத் தேவையில்லை. ஃபைலின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தேன்: இடது கரோடிட் ஆபரேஷன் செய்தவர், ஆபரேஷனுக்கு முந்தைய வாரம் வீட்டில் எடுத்த பிரஷர் அளவுகளைப் பார்த்து, சராசரி அதிலிருந்து 20 சதவீதத்துக்கு மேல் இறங்க விடக் கூடாது.